ரவுட்டரில் படலை திறக்கிறவள்

எங்கள் தொழிலில் வேலை சரியாக நடந்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. பிழை விட்டால் கனடா முழுக்கத் தெரியும்.

நான் வேலணையில் இருந்துகொண்டு தீவுப்பகுதி முழுக்க இணையமும் கமராவும் பொருத்திப் பூட்டிக் கொடுக்கிறவள். நாற்பதை எட்டிப் பிடித்த பிறகும் சனத்துக்கு நான் "ரவுட்டர் பிள்ளை"தான். என்னோடு வேலைக்கு வருகிறவர் ரெஜி. மண்டைதீவுக்காரர், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன். ஏணியில் ஏறுவது, சுவரில் துளை போடுவது, வீட்டுக்காரர் "கடிக்காது" என்று உறுதி சொல்லுகிற நாயைச் சமாளிப்பது எல்லாம் அவருடைய பாகம். ரவுட்டருக்குள் நுழைந்து கிண்டுவது என் பாகம்.

இந்தக் கிண்டுகிற வேலையில் முக்கால்வாசி ஒன்றே ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்கு ஊர் வீட்டைப் பார்க்க வேண்டும். கமரா வாங்கி அனுப்பியாயிற்று. ஆனால் வீட்டு ரவுட்டர், வெளியிலிருந்து தானாக வருகிற எவரையும் உள்ளே விடாது. அது அதன் குணம். "இன்ன இலக்கத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறவரை நேரே கமராவிடம் அனுப்பு" என்று அதற்குள் எழுதி வைத்தால் விடும். அந்த இலக்கத்துக்குப் பெயர் போர்ட். அப்படி எழுதி வைப்பதற்குப் பெயர் போர்ட் ஃபோர்வேர்டிங். ஊரில் விளங்கப்படுத்துவதற்காக, வேலிக் கதவைத் திறப்பதுபோல, "படலை திறக்கிறது" என்று சொல்லிப் பழகிவிட்டேன். இதை வாசிக்கிற நீங்களும் எப்போதாவது கதிரையில் ஏறி, ரவுட்டரைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் எறும்பு எழுத்தில் இருக்கிற கடவுச்சொல்லை யாருக்கோ கத்தி வாசித்திருப்பீர்கள். ஆகவே நாங்கள் எல்லோரும் ஒரே ஆஸ்பத்திரி வாட்டு நோயாளிகள், கூச்சமில்லாமல் கதைக்கலாம்.

கப்பல் வராத போர்ட்

ஊர்காவற்றுறையில் அந்தோனிப்பிள்ளை ஐயா என்று ஒருவர். அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் மெல்போர்னில். வாசல் கமராவை மகளால் பார்க்க முடியவில்லை என்று எனக்குத் தொலைபேசி எடுத்தார். வழக்கமான பதிலைத்தான் சொன்னேன்: "போர்ட் திறக்க வேணும் ஐயா. நாளைக்குக் காலமை வாறன்."

மறுநாள் நாங்கள் போய் இறங்கியபோது ஐயா இஸ்திரி போட்ட சேட்டோடு வாசலில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரும் நின்றார்கள். கதிரைகள் போடப்பட்டிருந்தன. ஒருவர் என்னுடைய சின்னப் பையைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் வீதியைப் பார்த்தார், இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. "உள்ளுக்கு மண் சரியா நிரம்பிப் போச்சு. எவ்வளவு ஆழம் தோண்டுவியள்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊர்காவற்றுறைக்காரரிடம் போய் "போர்ட் திறக்கப் போறன்" என்று சொன்னால் அவர் வேறு எதை நினைப்பார்? அந்தக் காலத்தில் தோணியும் கப்பலும் வந்து நின்ற துறையைப் பற்றி மூவரும் முதல்நாள் பின்னேரம் முழுக்கக் கதைத்திருக்கிறார்கள்.

ரவுட்டரைக் காட்டி, இலக்கத்தைக் காட்டி, மகள் எந்த வழியால் வருவா என்று மெல்லமாக விளங்கப்படுத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் இருமிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள். ஐயா கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியின் பச்சை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அப்ப கப்பல் வராது. சரி, மகளாவது வரட்டும். திறவும்."

அண்ணனுக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று

கரம்பொனில் ஒரு பெரிய கல்வீடு. சொந்தக்காரர் இரண்டு பேர். அண்ணன் ரொறன்ரோவில், தங்கச்சி லண்டனில். காணிப் பங்கில் கோபித்து இருவரும் கதைப்பதில்லை. ஆனால் கமரா வேண்டும் என்பதில் மட்டும் அபூர்வமான ஒற்றுமை. அண்ணன் தனக்குத் தனி வழி வேண்டும் என்றார். தங்கச்சியும் தனக்குத் தனி வழி வேண்டும் என்றா. ஒருவர் வருகிற வழியால் மற்றவர் வரக்கூடாது. இருக்கிறது ஒரு ரவுட்டர், ஒரு கமராப் பெட்டி. நான் வெளியில் இரண்டு போர்ட் இலக்கம் திறந்து, இரண்டையும் உள்ளே அதே பெட்டிக்குத்தான் அனுப்பி வைத்தேன். இரண்டு பேருக்கும் வெவ்வேறு கடவுச்சொல். பார்த்தது ஒரே படம். இருவரும் தனித்தனியாக நன்றி சொன்னார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை இரண்டு பேரும் அடுத்தடுத்து எடுத்தார்கள். இரண்டு பேரும் சொன்னது ஒரே வசனம்: "வீட்டுக்குள்ளை ஆடு நிக்குது!" கமராவில் ஏதும் பிழையோ, வேறு வீடு தெரிகிறதோ என்று நான் போய்ப் பார்த்தேன். கமராவில் பிழை இல்லை. பெரிய விறாந்தையில், கமராவுக்கு நேரே, நாலைந்து ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தன. வீட்டைப் பார்த்துக்கொள்கிற மணியண்ணை மூலையில் ஒரு வாளியோடு நின்றார். ஆட்டுக்கொட்டில் வெள்ளத்தில் போய்விட்டதாம். தொலைபேசியில் முதலில் அண்ணன் ஏசினார். அவர் வைத்ததும் தங்கச்சி ஏசினா. மணியண்ணை இரண்டு பேருக்கும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே, நிரம்பிய வாளியை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, திரும்ப அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தார். மேலே பார்த்தேன். ஓடு விலகி, மழை நேரே வீட்டுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

கதை முடிந்து தொலைபேசியைச் சேட்டுப் பையில் போட்டவர் என்னிடம் திரும்பினார்: "ஆடு நிக்கிறது ரொறன்ரோவுக்கும் தெரியுது, லண்டனுக்கும் தெரியுது. ஆட்டுக்கு மேலை கூரை ஒழுகிறது ரெண்டு பேருக்கும் தெரியேல்லை. உதென்ன கமரா, பிள்ளை?"

பக்கத்தில் வேறு யாரும் இல்லையா

சில இணைப்புகளுக்கு வெளியிலிருந்து கண்டுபிடிக்கக்கூடிய சொந்த விலாசம் கிடையாது. விலாசம் இல்லாத வீட்டில் எத்தனை படலை திறந்தும் பயனில்லை. கொம்பனிக்குத் தொலைபேசி எடுத்து "பப்ளிக் ஐபி" என்று ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். எடுத்துப் பார்த்தவர்களுக்கு, காத்திருக்கச் சொல்லிப் போடுகிற அந்த இசை ஞாபகம் இருக்கும். சரவணையில் ஒரு வீட்டில், அந்த இசையை முழுதாகக் கேட்டு முடித்த பிறகு, கொழும்பிலிருந்து ஒரு தம்பி கதைத்தார்.

"மேடம், ரவுட்டரை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" பண்ணினேன் என்றேன். "லைட் என்ன கலர்ல எரியுது?" பச்சை என்றேன், எனக்கு வேண்டியது பப்ளிக் ஐபி என்றேன். "சரிங்க மேடம். வைஃபை எத்தனை கோடு காட்டுது?" கோடு எல்லாம் நிறைய இருக்கிறது, எனக்கு வேண்டியது பப்ளிக் ஐபி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "மேடம், பக்கத்துல டெக்னீஷியன் யாராவது இருந்தா போனை அவர்கிட்ட குடுங்களேன்." நான்தான் அந்த ஆள் என்றேன். பிறகு மிக மரியாதையாக, "வேற யாரும் இல்லையா, மேடம்?"

ரெஜி ஏணியில் நின்றார். கையில் துளைபோடும் மெஷின், புருவம் முழுக்கச் சீமெந்துத் தூள். கூப்பிட்டுத் தொலைபேசியைக் கொடுத்தேன். நான் காதுக்குள் சொல்லச் சொல்ல அவர் தன் கனத்த குரலில் அப்படியே ஒப்புவித்தார். இடையில் ஒருதரம் பப்ளிக் ஐபியைப் "பப்ளிக் ஐயா" என்றுவிட்டார். அதையும் அந்தத் தம்பி திருத்தவில்லை. "ஓகே சார், புரியுது சார், இப்பவே போட்டுத் தாறேன் சார்" என்றார், போட்டும் தந்தார். நான் கொதித்துக்கொண்டு நிற்க, ரெஜி தொலைபேசியைத் துடைத்துத் திருப்பித் தந்தார்: "அக்கா, சத்தியமா எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் அவருக்கு நல்லா விளங்கினது."

ஏலாது என்று சொல்லப் போன பயணம்

நெடுந்தீவில் யோகன் அண்ணை சின்னக் கடை வைத்திருக்கிறார். தீவின் காட்டுக்குதிரை பார்க்க வருகிற ஆட்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறையும் உண்டு. சுவிஸில் இருக்கிற தம்பி பழைய கமராப் பெட்டி ஒன்றை அனுப்பி, அங்கிருந்தே கடையைப் பார்க்க வேண்டும் என்று நிற்கிறார். யோகன் அண்ணையின் இணையம் சிம் போட்ட ரவுட்டரில் வருவது. அந்த இணைப்பில் ஊர் முழுவதற்கும் சேர்த்து வெளியில் ஒரு விலாசம்தான். அதற்குப் பப்ளிக் ஐபியும் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பழைய பெட்டியில் வேறு குறுக்குவழியும் இல்லை. இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொன்னேன். "அண்ணை, உது ஏலாது. வந்தும் பிரயோசனம் இல்லை." அவர் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, ஒருக்கா வாங்கோ. ரெஜியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

ரெஜியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தகப்பன், சித்தப்பா, மச்சான்மார் எல்லோரும் கடலில் பிழைக்கிற குடும்பம். இவருக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகின் கயிறு கழற்றுவதற்கு முதலே முகம் வெளிறிவிடும். கடலுக்குப் போக ஏலாததால்தான் ஏணியில் ஏறத் தொடங்கினவர். அன்றைக்குக் காற்று வேறு. வழி முழுக்க வாந்திக்கு ஒரு பொலித்தீன் பையைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு செபமாலை உருட்டினார். கரையில் கால் வைத்தபோது, திரும்பிப் போகவும் இதே கடல்தானா என்று என்னிடம் கேட்டார்.

யோகன் அண்ணை நண்டுக்கறியோடு காத்திருந்தார். சாப்பாடு முடியும்வரை கமராவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு தம்பிக்கு வீடியோக் கோல் எடுத்து, தொலைபேசியைச் சீனி ரின்னில் சாய்த்து வைத்து, என்னைக் கதிரையில் இருத்தி, வெளிறிய ரெஜியைப் பக்கத்தில் நிறுத்தி, "இப்ப சொல்லுங்கோ" என்றார். "ஏலாது" என்றேன். தம்பி வேறு விதமாகக் கேட்டார். "ஏலாது" என்றேன். இன்னொரு விதமாகக் கேட்டார். அதற்கும் அதுதான். தம்பி பெருமூச்சு விட்டு, "சரி, நீங்கள் சொன்னால் சரிதான்" என்று வைத்துவிட்டார். யோகன் அண்ணையின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. இதற்காகவா எங்களைக் கடல் தாண்டிக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "நான் சொன்னால் எனக்குத் தெரியாது எண்டுதான் அவன் நினைப்பான். அங்காலை இருந்து ஒராள் கடலிலை சத்தியெடுத்துக்கொண்டு வந்து சொன்னால்தான் ஏலாது எண்டது ஏலாது ஆகும்."

மீன் தெரியக்கூடாது

மண்டைதீவில் ரெஜியின் சித்தப்பா மரியதாஸ் அண்ணை, சொந்தப் படகுக்காரர். கரையில் எஞ்சின் களவு போகிறது என்ற பயத்தில், இத்தாலியில் இருக்கிற மகன் கமரா பூட்டித்தரச் சொன்னார். மகன் பார்ப்பதற்கு நான்தான் போர்ட் திறந்துவிட்டேன். எல்லாம் அச்சொட்டாக வேலை செய்தது. அதுதான் வில்லங்கம்.

மகனுக்குத் தூரத்தில் இருந்து ஊர்க்கரையைப் பார்க்கிற சந்தோசம். படகு வந்து வலை உதறுகிறபோதே, "அப்பாவுக்கு இண்டைக்கு நல்ல பாடு, வலை நிறைய மீன்!" என்று அக்காமாருக்குச் சேதி அனுப்பிவிடுவார். மரியதாஸ் அண்ணை மீனைத் தரம் பிரித்து முடிக்க முதலே மருமக்கள்மார் பையோடு வந்து நிற்பார்கள். பிறகு மச்சாள், பிறகு மச்சாளின் பக்கத்து வீடு. வியாபாரிக்கும் எப்படியோ தெரிந்துவிடும். அவர் வரும்போதே விலையைக் குறைத்துக்கொண்டு வருவார். முந்தியெல்லாம் "பாடு எப்பிடி?" என்று கேட்டால், கூடை நிறைய மீன் கிடந்தாலும் "சும்மா, கறிக்குத்தான்" என்று சொல்லுகிற மனிசன். அந்தச் சுதந்திரத்தை நான் ஒரு இலக்கம் எழுதிப் பறித்துவிட்டேன்.

கூப்பிட்டு அனுப்பினார். படகு வருகிற நேரம் மட்டும் மூடி வைக்க ஏலாதோ என்று கேட்டார். நேரம் சொன்னால் மூடலாம் என்றேன். மீன் எனக்கு நேரம் சொல்லுறதில்லை என்றார். கடைசியில் ரெஜியை ஏணியில் ஏற்றி, கமராவை அப்படியே கடல் பக்கம் திருப்பச் செய்தார். பின்னேரம் மகன் எடுத்து, அப்பா, தண்ணிதான் தெரியுது, எஞ்சினைக் காணேல்லை என்றார். மரியதாஸ் அண்ணை வலையில் இருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னார்: "எஞ்சினை நான் கள்ளரிட்டை இருந்து காப்பாத்துவன், ராசா. மீனைத்தான் சொந்தக்காரரிட்டை இருந்து காப்பாத்த ஏலாமல் கிடந்தது."

எல்லாம் தெரிந்த வாடிக்கையாளர்

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்தத் தலைப்பைப் பார்த்ததும் ஒருமுறை பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். நயினாதீவில் ஒரு தம்பி. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறவர். தன் கணினிக்கு வெளியிலிருந்து வருவதற்குத் தானே போர்ட் திறக்க வெளிக்கிட்டிருக்கிறார். எந்த இலக்கம் என்று சரியாகத் தெரியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றிலிருந்து கடைசிவரை எல்லா இலக்கத்தையும் திறந்துவிட்டார். இப்போது தட்டுகிறவர்களின் நெரிசலில் அவராலேயே உள்ளே வரமுடியவில்லை. ரவுட்டரின் சொந்தச் செற்றிங் பக்கமும் திறக்கவில்லை. தட்டுகிறவர் எவரானாலும் எல்லோரையும் அது கணினியிடமே அனுப்பிக்கொண்டிருந்தது.

ஊசியால் ரவுட்டரின் பின்பக்கத்தில் குத்தி, பிறந்த நாளில் இருந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்து, ஒரே ஒரு இலக்கத்தைத் திறந்தேன். தம்பி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்று, ஒவ்வொன்றுக்கும் "தெரியும், தெரியும்" என்றார். தெரிந்திருந்தால் ஏன் திரும்ப மூடவில்லை என்று கேட்டேன். முதல்முறையாகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்: "வீடியோவிலை அந்தாள் திறக்க மட்டுந்தான் அக்கா காட்டினவர். மூடுறது அடுத்த வீடியோவிலை எண்டவர்."

தலை திருப்புகிற கமரா

பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற புவனம் ரீச்சர் நாரந்தனையில் தனியே இருக்கிறா. கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் வாகீசன் ஒஸ்லோவில். லீவில் வந்த மகனின் சிநேகிதர் ஒருவர் குசினிக்குள் ஒரு கமரா பூட்டி, போர்ட்டும் திறந்துவிட்டுப் போயிருந்தார். இருந்த இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பி அங்குமிங்கும் பார்க்கிற கமரா. இணையம் மெதுவாக ஓடுகிறது என்று ரீச்சர் என்னைக் கூப்பிட்டா. ரவுட்டரைத் திறந்து பார்த்தேன். கமராவின் கடவுச்சொல் தொழிற்சாலையில் போட்டது போட்டபடி கிடந்தது. உலகத்தில் எவரும் ஊகிக்கக்கூடிய சொல். நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, ரீச்சர் அடுப்பில் இருந்த சட்டியைக் கமராவுக்குச் சரித்துக் காட்டினா. "கத்தரிக்காய்ப் பால்கறி, ராசா." கமரா மெல்லக் கழுத்தைத் திருப்பிச் சட்டியைப் பார்த்தது. ரீச்சரின் முகம் மலர்ந்தது. "பாத்தீரே? ஒவ்வொரு நாளும் நான் சமைக்கேக்கை வந்திடுவான். வேலைத்தலத்திலை கதைக்கேலாதாம் போல. தலையை மட்டும் திருப்புவான்."

கடவுச்சொல் மாற்றப்போவதைச் சொல்லுவதற்காகக் கிணற்றடிக்குப் போய் வாகீசனுக்கு எடுத்தேன். பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்றார். விசயத்தைச் சொன்னதும், "அந்தக் கமராவோ? ஃபோன் மாத்தினாப்பிறகு நான் அதைப் போடவே இல்லை அக்கா. கன மாசமாச்சு" என்றார். கிணற்றடியிலிருந்து குசினி யன்னலால் உள்ளே தெரியும். ரீச்சர் அடுப்படியிலிருந்து அலுமாரிக்கு நடந்து போனா. கமரா அவவோடு கூடவே திரும்பியது. "இப்ப நீங்கள் பாக்கேல்லைத்தானே?" என்று கேட்டேன். "இல்லை, சொன்னனே, பஸ்ஸுக்கு நிக்கிறன்" என்றார். நான் ஓடிப்போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கினேன்.

"ஏன் பிள்ளை, அவன் பாத்துக்கொண்டெல்லோ நிண்டவன்?" என்றா ரீச்சர். கறண்ட் பிழை என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் முப்பது பிள்ளைகளின் பொய்யை ஒரே பார்வையில் பிடித்த கண் அது. "ரீச்சர், அது வாகீசன் இல்லை" என்றேன். ஆர் என்று கேட்டா. தெரியாது, எங்கேயோ ஒரு ஆள், பூட்டு மாற்றாமல் விட்டதால் ஆரும் வரலாம் என்றேன். ரீச்சர் அடுப்பை அணைத்தா. பலகைக் கதிரையில் இருந்து, சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டா. நல்லகாலம், இது குசினி. படுக்கிற அறையில் கமரா இல்லை. அதை இரண்டு பேரும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டோம். பிறகு அவ நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "முழங்கால் நோகுது எண்டு எத்தினை நாள் இதுக்குச் சொல்லியிருப்பன். ஒருக்காக்கூட எடுத்துக் கேக்கேல்லை. அப்பாவின்ரை திவசத்தண்டு இதுக்கு முன்னாலை நிண்டு அழுதனான். அதுக்கும் எடுக்கேல்லை. பெடியனுக்கு வேலை கூட எண்டு நினைச்சுக்கொண்டன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பார்த்தவன் மேலா, பூட்டிவிட்டுப் போனவர் மேலா, பஸ்ஸுக்கு நிற்கிறவர் மேலா என்று தெரியவில்லை. அந்தப் போர்ட்டை மூடினேன். கமராவைக் கழற்றிவிடவா என்று கேட்டேன். "கழட்டவேண்டாம். பூட்டை மாத்தும். அவனுக்கு நான் சொல்லுறன்" என்றா. நான் வெளியில் வயரைச் சுற்றிக்கொண்டிருக்க, உள்ளே ரீச்சர் மகனோடு நெடுநேரம் கதைத்தா. எனக்குக் கேட்டதெல்லாம் "ஓம்... ஓம்... இல்லை, நான் கோவிக்கேல்லை" என்பது மட்டும்தான். போர்ட்டைத் திரும்பத் திறக்கிறதுக்குப் புதுக் கடவுச்சொல்லை ரீச்சரே யோசித்துத் தந்தா. அன்று பின்னேரமே வாகீசன் தன் தொலைபேசியில் அதைப் போட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு மின்னலில் ரவுட்டரின் அடப்டர் எரிந்து, திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனேன். புது அடப்டரைச் செருகி நிமிர, கமரா கழுத்தைத் திருப்பி அடுப்பைப் பார்த்தது. என் கை தானாகவே வயரிடம் போனது. ரீச்சர் சட்டியைச் சரித்துக் காட்டினா. கமரா பார்த்தது, உடனேயே பழைய இடத்துக்குத் திரும்பி, அப்படியே நின்றுவிட்டது. வாகீசன்தானே என்று கேட்டேன். "ஓம், அவன்தான். இப்ப ஒவ்வொரு நாளும் வாறான், முழங்காலையும் விசாரிக்கிறான்" என்று சட்டியை மூடினா. பிறகு, யாரைப் பற்றியும் குறை சொல்லாத குரலில்: "முந்திப் பாத்தவனுக்குத்தான் பொறுமை கூட, பிள்ளை. சோறு வடிக்கும்வரைக்கும் நிப்பான்."

ஆக, உலகத்தில் எவர் வேண்டுமானாலும் உள்ளே வர வழி திறந்துவிடுவது ஐந்து நிமிட வேலைதான். வரவேண்டியவரை வந்து ஆறுதலாக நிற்கப்பண்ணுகிற செற்றிங்கை மட்டும் எந்த ரவுட்டரிலும் நான் இன்னும் காணவில்லை.